பழைய செடான் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பத்துப் பதினைந்து வயதான மிட்சைஸ் செடான்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரில் யாரோ ஓட்டிக் கழித்த சிட்டி, வெர்னா, எஸ்எக்ஸ்4, ஃபியஸ்டா, வென்டோ எல்லாம் ஓசூர் வழியாக இறங்கி நம் வீட்டு வாசல்களில் நிற்கின்றன. புதிய சின்னக் கார் வாங்கும் காசில் பாதிகூட ஆகாது. ஓட்டவும் சுகம். வாங்கும் விலைதான் இறங்கியிருக்கிறது, பழுது வந்தால் பில் மட்டும் செடான் பில்லாகவே வரும்.

எங்கள் வீட்டிலும் உறவிலும் இந்த மாதிரி வண்டிகள்தான். ஏதாவது ஒன்று மக்கர் செய்தால் முதலில் போன் எனக்குத்தான் வரும். பார்த்தவரையில் ஒரே பத்துப் பழுதுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. இருநூறு ரூபாய் ரிலேயில் முடிய வேண்டியது ரேடியேட்டர் மாற்றுவதில் போய் நிற்பதும் அடிக்கடி நடக்கிறது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் மலிவான காரணத்தில் தொடங்கி விலை கூடியதை நோக்கிப் போகிறேன். பெட்ரோல் வண்டியை மனதில் வைத்து எழுதியது. டீசலுக்கு மாறும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

டிக்கியில் ஒரு மல்டிமீட்டர், டார்ச், காற்று அழுத்தம் பார்க்கும் கேஜ், 10, 12 நம்பர் ஸ்பேனர்கள், போனோடு இணைந்து வண்டியின் பழுது எண்ணைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் கீழே சொல்வதில் பெரும்பகுதியை வாசலிலேயே செய்துவிடலாம்.

## என்ஜின் சூடாகிறது

வண்டி சாலையில் இருக்கும்போது முள் நடுவைத் தாண்டி ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் விடுங்கள். ஏப்ரல் வெயிலில் இது கொடுமைதான். ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். பாதுகாப்பான இடத்தில் இடதுபக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை, குறைந்தது அரை மணி நேரம், ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் நேராக முகத்துக்கு வரும். சில மாடல்களில் வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். அவற்றில் சிவப்பு எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது சூடாகிறது என்பது.

### நின்றால் சூடு, ஓடினால் சரி

டோல்கேட் வரிசையிலோ தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நெரிசலிலோ ஏறி, நெடுஞ்சாலையில் 60-ஐத் தொட்டதும் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகியுங்கள்.

என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் ரிலே. பல வண்டிகளில் ஃபியூஸ் பெட்டிக்குள் அதே எண் போட்ட ஹார்ன் ரிலே பக்கத்திலேயே இருக்கும், அப்படி இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஃபேன் மோட்டாருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருப்பது சகஜம். கடைசியாக மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக லைன் கொடுத்துப் பார்க்கலாம். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுற்றினால் சென்சாரோ வயரிங்கோ, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். சாவி அணைந்திருந்தாலும் சூட்டில் ஃபேன் தானாகக் கிளம்பும் என்பதால் விரலைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

சாவி போட்டதுமே ஃபேன் சுற்றி, என்ஜின் குளிர்ந்திருந்தாலும் நிற்காமல் ஓடுகிற வண்டி கண்ணில் பட்டால் உஷாராகுங்கள். முந்தைய சொந்தக்காரரின் மெக்கானிக், சென்சார் பழுதைத் தேடாமல் ஃபேனைச் சாவி லைனோடு முடிச்சுப் போட்டுவிட்டார் என்று பொருள்.

### ஏற்றத்தில் சூடு, ஊருக்குள் சரி

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றம், ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறும் மலைப்பாதை, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் மேலுமலை. இந்த இடங்களில் மட்டும் முள் ஏறினால் ஃபேனைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வேகத்தில் காற்று தானாகவே கிடைக்கிறது. குறை கூலன்டிலோ ரேடியேட்டரிலோ இருக்கிறது.

குளிர்ந்த என்ஜினில் கூலன்ட் அளவைப் பாருங்கள். ரிசர்வ் டப்பாவோடு நிற்காமல், ரேடியேட்டருக்குத் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். டப்பா நிறைந்திருக்க, உள்ளே காலியாக இருக்கும் வண்டிகள் உண்டு. அப்படியானால் மூடியின் ரப்பர் போயிருக்கும், சில நூறு ரூபாயில் புது மூடி கிடைக்கும். அடுத்து ரேடியேட்டருக்கும் ஏசி கன்டென்ஸருக்கும் இடையே டார்ச் அடியுங்கள். கிரானைட் குவாரிப் பக்கம் தினமும் போய்வரும் வண்டியில் அந்த இடுக்கு முழுக்க மாவுத் தூசி அப்பியிருக்கும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து அடைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் சரி என்றால் தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வ். என்ஜின் நன்றாகச் சூடானபின் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சுட, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட் மலிவு, அதை முதலில் மாற்றுங்கள். "கழட்டித் தூக்கிப் போட்டுட்டேண்ணா, இனிமே சூடே ஆகாது" என்று சில இடங்களில் சொல்வார்கள். கேட்காதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும், அதுவரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

உள் அடைப்பு என்றால் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். இரண்டு மாவட்டங்களிலும் போர்த் தண்ணீரின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். புளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ரேடியேட்டரைக் கெடுப்பது புளோரைடைவிட அதே தண்ணீரில் இருக்கும் கடினத்தன்மை. குளியலறைக் குழாய் வாயில் படிகிற அந்த வெள்ளைப் படிவம், சூடான என்ஜினுக்குள் இன்னும் வேகமாகப் படியும். பழைய வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்பில் விரலை வைத்துத் தேயுங்கள். பச்சையோ சிவப்போ நிறமுள்ள திரவம் இருந்தால் நிம்மதி. துருநிறத் தண்ணீரும், நகத்தால் சுரண்டினால் உதிரும் வெள்ளைப் பொருக்கும் இருந்தால் இத்தனை வருடம் போர்த் தண்ணீரில் ஓடியிருக்கிறது. முழுதாக வடித்து, ஃப்ளஷ் செய்து, கலந்தே வரும் கூலன்ட் ஊற்றுங்கள். அடர் கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. பேட்டரிக் கடையில் வாங்கும்போது ஆசிட் கேனை மாற்றித் தந்துவிடாமல் லேபிளைப் பாருங்கள். நடுரோட்டில் வேறு வழியில்லாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் தப்பில்லை, ஊர் திரும்பியதும் வடித்துவிடுங்கள். ஃப்ளஷ் செய்தும் ஏற்றத்தில் முள் ஏறினால் ரேடியேட்டரை மாற்ற வேண்டியதுதான், செலவு ஆயிரங்களில் போகும்.

### கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது

இரவு வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் ஈரம் என்று பாருங்கள். முன்பக்கம் நடுவில் என்றால் ரேடியேட்டர். இதன் பிளாஸ்டிக் தொட்டியில் முடி போல விரிசல் விடும், சுற்றிலும் காய்ந்த நிறக்கறை காட்டிக்கொடுக்கும். பெல்ட் இருக்கும் பக்கம் என்றால் வாட்டர் பம்ப். கீழே எதுவும் இல்லை, ஆனால் முன்சீட்டுக் கால்மிதிக்கு அடியில் கார்ப்பெட் நனைந்து, உள்ளே இனிப்பான வாடை அடிக்கிறது என்றால் ஹீட்டர் காயில். அதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், வேலைக்கூலி பாகத்தின் விலையைத் தாண்டும். எங்கும் ஈரமே இல்லாமல் குறைந்தால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

### டப்பாவில் கொப்பளிக்கிறது, சைலன்ஸரில் வெள்ளைப் புகை

என்ஜின் ஓடும்போது ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழி, சூடானபிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழப்பு. இதில் இரண்டு சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல் போயிருக்கிறது. மூடிக்கு அடியில் லேசான கொழகொழப்பு மட்டும் தனியாக இருந்தால், மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் அது வரும், பயப்பட வேண்டாம்.

இங்கே உங்கள் வேலை முடிந்தது. ஓட்டிக்கொண்டு போகாமல் டோ செய்யுங்கள். பட்டறையில் கேட்க வேண்டியது மூன்று: ஹெட்டை லேத்தில் மட்டம் பார்த்தார்களா, விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட் செய்தார்களா, புது ஹெட் போல்ட் போடுகிறார்களா. கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மாட்டிவிட்டால் சீக்கிரமே மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

## ஸ்டார்ட் ஆகவில்லை

### டக் டக் டக் என்று வேகமாகச் சத்தம், விளக்குகள் மங்குகின்றன

பேட்டரி, அல்லது அதன் டெர்மினல். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாசிட்டிவில் தொடங்கி இறுக்கி, வாஸ்லின் தடவுங்கள். கையால் திருகினால் டெர்மினல் அசையக் கூடாது.

இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12-க்குக் கீழே என்றால் காலி. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் வர வேண்டும். சில வண்டிகள் சுமை இல்லாதபோது வேண்டுமென்றே குறைவாகச் சார்ஜ் செய்யும். அதனால் ஹெட்லைட்டும் புளோயரும் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். இதைச் செய்யாமலே நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிய கதைகள் நிறைய. அப்போதும் ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி எலக்ட்ரிக் கடையில் கொடுங்கள். பெரும்பாலும் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் மாற்றினால் போதும், முழு ஆல்டர்னேட்டர் வாங்கத் தேவையில்லை.

புதுப் பேட்டரி போட்டும் இரண்டு மூன்று நாள் நின்றால் இறங்கிவிடுகிறதா? பெங்களூர் வண்டிகளில் இது அதிகம். முன்பு மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஜி.பி.எஸ். டிராக்கர், செக்யூரிட்டி அலாரம் என்று ஏதாவது ஒன்று இரவெல்லாம் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கும். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து இணையுங்கள். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விழுகிறதோ அந்த லைன்தான் குற்றவாளி.

### ஒரே ஒரு பெரிய "டக்", விளக்குகள் பிரகாசம்

செல்ஃப் மோட்டார், அல்லது அதன் சோலனாய்டு. கிளட்சை முழுதாக மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் சத்தமே வராவிட்டால் கிளட்ச் சுவிட்சையும் பாருங்கள். செல்ஃபைக் கழற்றி பிரஷ், புஷ் மாற்றுவது எலக்ட்ரீஷியனுக்கு ஒரு வேளை வேலை.

### செல்ஃப் நன்றாக அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை

சாவியை ஆன் வரை திருப்பி, பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். இரண்டு விநாடி "உய்ங்" என்று ஃபியூயல் பம்ப் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் பம்ப். சத்தம் வருகிறது, ஆனால் மீட்டரில் சாவிப் படம் மின்னுகிறது என்றால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. அடுத்த சாவியால் முயலுங்கள். பழைய வண்டி வாங்கும்போது இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சூட்டில் அணைந்து, ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிற வண்டிக்கு கிராங்க் சென்சார் முதல் சந்தேகம்.

மாந்தோப்புக்குள்ளோ களத்துமேட்டிலோ நிறுத்துகிறவர்கள் இதற்கெல்லாம் முன்னால் பானெட்டைத் திறந்து எலியைத் தேடுங்கள். கடித்த வயர், சருகுக் கூடு, புழுக்கை ஏதாவது ஒன்று கிடைக்கும். காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் என் சித்தப்பா வண்டியில் மாம்பழ சீசன் வந்தாலே இன்ஜெக்டர் வயர் போய்விடும்.

## இறக்கத்தில் பிரேக் சரியில்லை

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் நீண்ட இறக்கம். விபத்துக்குப் பேர்போன இடம். அங்கே பிரேக்கில் சின்ன சந்தேகம் இருந்தாலும் கிளம்பும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் கருகல் வாடை வந்து, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனால் பிரேக் சூடேறித் தளர்கிறது. மூன்றாவதுக்கோ இரண்டாவதுக்கோ கியரை இறக்கி என்ஜினைப் பிடிமானமாக வையுங்கள். இறக்கத்திலேயே நிற்காமல், சமதளம் வந்து அகலமான ஓரம் கிடைத்ததும் நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரியும்.

வாடை இல்லாமலே பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் பிரேக் ஆயிலின் வயதைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, ஈரத்தை உறிஞ்சி இறக்கத்துச் சூட்டில் கொதித்துவிடும். மாற்றி, காற்று எடுத்தால் தீரும். பேட் கனம் 3 மி.மீ.-க்குக் கீழே என்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

நின்ற வண்டியில் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே போனால், வெளியே எங்கும் ஒழுகலும் இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டர். அந்த வண்டியைப் பட்டறைக்கும் ஓட்டிப் போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையேல் டோ.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு ஒரு சின்ன ஓட்டம் போய் வாருங்கள். நான்கு வீல்களுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனால், எது அனலாக வீசுகிறதோ அங்கே காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னைக் கழற்றி கிரீஸ் போட்டால் பெரும்பாலும் விடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் மட்டம் போயிருக்கிறது. பிரேக் பிடிக்காமலே 80, 90-இல் நடுங்கினால் வீல் பேலன்சிங், அதிலும் தீராவிட்டால் டயரில் புடைப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

## அடியில் சத்தம்

பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரில் விழுந்து எழுந்து ஓடும் வண்டிக்கு இந்தச் சத்தம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சத்தத்தின் வகையைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

சின்னக் குழிகளில் கடகடவென்று லேசான ஓசை என்றால் லிங்க் ராடு. முன்பக்கச் சத்தத்துக்கு மிக மலிவான காரணம் இதுதான், ஸ்ட்ரட்டை (முன் ஷாக் அப்சார்பர்) மாற்றச் சொல்லி யார் பேசினாலும் முதலில் இதை மாற்றச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் "டொக்" என்று ஒரு அடி விழுந்தால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகுவது போலக் கேட்டால் ஸ்ட்ரட் மவுண்ட். முழுதாகத் திருப்பி ஓட்டும்போது டக்டக்டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். பூட் கிழிந்ததை முன்கூட்டியே பார்த்துவிட்டால் ரப்பர் செலவோடு போகும், விட்டுவிட்டால் ஷாஃப்ட் செலவு.

வேகத்தோடு கூடும் ரீங்காரம் வீல் பேரிங்காகவும் இருக்கலாம், ஏற்ற இறக்கமாகத் தேய்ந்த டயராகவும் இருக்கலாம். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடுங்கள். சத்தம் பின்னுக்குப் போனால் டயர், முன்னேயே நின்றால் பேரிங்.

ஸ்ட்ரட்டில் ஆயில் வழிந்து தூசி ஒட்டியிருந்தால் மட்டும் ஸ்ட்ரட் மாற்றுங்கள், ஜோடியாக. ஸ்டியரிங்கை அசைக்கும்போது கையிலேயே ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்ட், ராக் எண்ட் பார்க்க வேண்டும். வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். எதை மாற்றினாலும் கடைசியில் வீல் அலைன்மென்ட் செய்ய மறக்க வேண்டாம்.

## ஆக்சிலரேட்டர் கொடுத்தும் இழுவை இல்லை

ஆர்.பி.எம். ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச். சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நான்காவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். என்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமும் எரிந்துவிடும். கியர் பாக்ஸை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். என்ஜின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாகத்துக்கு இணையாகக் கூலி வரும் வேலை இது, இரண்டு முறை கொடுக்க வேண்டாம்.

ஆர்.பி.எம்.மே ஏறத் திணறுகிறது என்றால் காற்று ஃபில்டரில் தொடங்குங்கள், பிறகு ஸ்பார்க் பிளக், த்ராட்டில் பாடி சுத்தம், இக்னிஷன் காயில். குதித்துக் குதித்துப் போனால் காயில்களில் ஒன்று. சிலிண்டர் ஒன்றின் காயிலை இரண்டுக்கு மாற்றி, ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண் கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். டீசலில் இதே அறிகுறிக்கு டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ் விரிசல், புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி என்ற வரிசை.

மைலேஜ் மட்டும் குறைந்திருந்தால் டயர் காற்று, ஒட்டும் பிரேக், மேலே சொன்ன தெர்மோஸ்டாட் மூன்றையும் பார்த்தபிறகே சென்சார் பக்கம் போங்கள். பங்க்குகளில் இப்போது வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலாலும் கொஞ்சம் சரியும். எத்தனாலுக்கு ஆற்றல் குறைவு, உங்கள் வண்டி அதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. அதற்குப் பட்டறையில் மருந்து கிடையாது. பழைய ஃபியூயல் ஹோஸ்களில் வெடிப்பு, பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

## புகை, ஆயில் குறைவு

ஆயில் குறைந்தால் முதலில் கசிவு. வால்வ் கவர் கேஸ்கெட்டும் டிரெய்ன் போல்ட் வாஷரும் மலிவான காரணங்கள். கசிவே இல்லை என்றால் சைலன்ஸரைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். ஏற்றத்தில் அழுத்தும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங். பெட்ரோல் வண்டியில் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, ஆக்ஸிஜன் சென்சாரை ஸ்கேன் செய்யுங்கள்.

ரிங் வேலை என்றால் என்ஜினைப் பிரிக்க வேண்டும். அந்த பில் வண்டியின் விலையை நெருங்கிவிடும். அதற்குப் பதில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஆயில் ஊற்றியே இன்னும் சில வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. குறைவது கட்டுக்குள் இருக்கும்வரை நானும் அதைத்தான் சொல்வேன், புகைச் சான்றில் தேறும்வரை.

## ஏசி

ஓடினால் குளிர்கிறது, நின்றால் இல்லை என்றால் மேலே சொன்ன அதே ஃபேன். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர், ஐந்து நிமிட வேலை. குளிர்ச்சியே இல்லை என்றால் பெரும்பாலும் கேஸ் கசிந்திருக்கும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்புகிற கடையைத் தவிர்த்துவிடுங்கள். கோடை முடிவதற்குள் மறுபடி போவீர்கள்.

## மஞ்சள் என்ஜின் விளக்கு

நிலையாக எரிந்தால் பதற வேண்டாம். பெட்ரோல் மூடியை இறுக்குங்கள், ஸ்கேனரை மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னி மின்னி எரிந்தால் மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும், வேகத்தைக் குறைத்துப் பக்கத்துப் பட்டறையோடு நிறுத்துங்கள். ஸ்கேனரில் பி0420 என்ற எண் வந்தால் கேட்டலிட்டிக்கை மாற்றச் சொல்வார்கள். அது பெரிய காசு. சைலன்ஸர் ஜாயிண்டில் கசிவும் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரும் பார்த்த பிறகே ஒத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கும்போது சாவி ஆன் செய்ததும் இந்த விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பையே யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

## அறிகுறியே இல்லை, ஆனால் வரலாறும் இல்லை

வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட் இதில் முக்கியம். வென்டோ, ரேபிட் வண்டிகளின் 1.6 டீசல், ஃபியஸ்டாவின் 1.4 டீசல் போன்றவற்றில் பெல்ட். அறுந்தால் வால்வ் பிஸ்டனில் இடித்து என்ஜின் போய்விடும், முன்னறிவிப்பு கிடையாது. மாற்றிய பில் கையில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு மாற்றிவிடுங்கள். செயின் வண்டிகளில் இந்தக் கவலை குறைவு. காலையில் செயின் சலசலப்பு கேட்டால் மட்டும் பார்க்க வேண்டும்.

டயரில் பூ நன்றாக இருக்கிறதே என்று விடாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. இந்த வெயிலில் ஆறேழு வருடம் தாண்டிய டயரோடு நெடுஞ்சாலை ஏறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

## பில் நிற்கவே இல்லை

பழைய வண்டி வாங்கிய முதல் வருடம் செலவு கூடுதலாகத்தான் இருக்கும். டயர், பேட்டரி, கூலன்ட், பிரேக் ஆயில், சஸ்பென்ஷன் ரப்பர்கள் எல்லாம் ஒரே வயதில் வந்து நிற்கும். இவை ஒருமுறை போட்டால் வருடக்கணக்கில் வருபவை. இரண்டாவது வருடமும் அதே அளவு போனால்தான் யோசிக்க வேண்டும். ஒரே பாகம் திரும்பத் திரும்பப் பழுதானால், வேலை செய்த விதத்தில் கோளாறு. இடத்தை மாற்றுங்கள். வேறு வேறு பாகங்கள் வரிசையாகப் போனால் வண்டி களைத்துவிட்டது.

கம்பெனி நாட்டில் இருக்கிறதா என்பதும் செலவுதான். செவர்லே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் பாகங்கள் ஓரளவு கிடைத்தாலும் ஹெட்லைட், பம்பர், கண்ட்ரோல் யூனிட் போன்றவற்றுக்கு பெங்களூர் பழைய பாகக் கடைகளில் அலைய வேண்டியிருக்கும். ஃபியட் லீனியா 1.3 டீசலுக்கு நிலைமை வேறு. அதே குடும்ப என்ஜின்தான் மாருதி ஸ்விஃப்டிலும் டிசையரிலும், என்ஜின் பாகம் காரிமங்கலத்தில் கேட்டாலும் கிடைக்கும்.

பேப்பர் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். கர்நாடகாவின் கேஏ நம்பர் வண்டியை டிஎன் 24 (கிருஷ்ணகிரி), டிஎன் 29 (தர்மபுரி), டிஎன் 70 (ஓசூர்) எதற்கு மாற்றினாலும் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க, 2022 ஏப்ரலிலிருந்து காருக்குக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். தகுதிச் சோதனைக்குத் தயார் செய்யும் டிங்கரிங், பெயிண்ட் செலவு அதில் சேராது. 14-வது வருடத்தில் இருக்கும் வண்டிக்குப் பெரிய வேலை பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

ஹெட் வேலை, ரிங் வேலை, கியர் பாக்ஸ் இந்த மூன்றில் ஒன்று வந்து, இரண்டு பட்டறையில் கேட்ட தொகை வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் நான் விற்கத்தான் சொல்வேன், பழுதை மறைக்காமல் சொல்லி. விற்கும் முன் புது டயர், புது சீட் கவர் என்று போடாதீர்கள், அந்தக் காசு திரும்பாது. பணத்தை வாங்கியதோடு விடாமல் ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை அந்த வண்டி எங்கே இடித்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.